பத்து சென்ட் பாடல்களில் ஒரு தாய்

முதல் உலகப் போரைப் பற்றி 1914 முதல் 1919 வரை அச்சாகி வந்த பாடல் தாள்களில் 14,000க்கும் மேற்பட்டவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. எவரும் தம் இல்லத்திலிருந்தே கணினியில் பார்க்கும்படி அந்நூலகம் அவற்றைப் படமெடுத்து வழங்கியிருக்கிறது. சென்ற சில மாதங்களின் மாலைப் பொழுதுகளை நாம் இத்தாள்களோடு கழித்தோம். இலக்கியம் பேசும் திங்களிதழில் இவற்றுக்கு என்ன இடம் என வாசக அன்பர்கள் வினவக்கூடும். கவிதை என்று மதிக்கத்தக்கவை இவற்றுள் மிகச் சிலவே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஒரு நாட்டின் தாய்மார் எந்தச் சொற்களைத் தம் வாயாலேயே சொல்லிப் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்பதை அறிவதற்கு இத்தகைய நேரான சான்று அரிது.

பாடல் தாள் என்பது என்ன? நடுவில் மடித்த ஒரு பெரிய தாள். மேலட்டையில் வண்ணப்படம்: கொடி, கப்பல், சன்னலோரம் நிற்கும் நரைத்த தலை. உள்ளே பியானோவுக்கான இசைக்குறிகளும் அவற்றின் கீழ்ப் பாட்டின் சொற்களும் இருக்கும். பின்னட்டையில் அதே பதிப்பாளரின் மற்றப் பாட்டுகளுக்கு விளம்பரம். மலிவுப் பொருள் அங்காடிகளில் இதன் விலை பத்து சென்ட். வானொலி ஒலிபரப்பு வீடுகளுக்கு வராத காலம் அது. அதற்குப் பதில் பியானோ இருந்தது. 1909ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 3,60,000 பியானோக்கள் செய்யப்பட்டன. நடுத்தரக் குடும்பத்தில் மகள் பியானோ கற்பாள். இரவு உணவுக்குப்பின் அவள் வாசிக்க, பெற்றோரும் உடன்பிறந்தாரும் சுற்றி நின்று பாடுவர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். இன்று நாம் பாட்டைக் கேட்கிறோம், வேறொருவர் பாடுகிறார். பாடல் தாளோ வாங்கியவரையே பாடவைத்தது. பாட்டில் ‘நான்’ என்று வரும் இடத்தில் நியூயார்க்கின் ஏதோ ஓர் அறையில் அமர்ந்து எழுதிய பாடலாசிரியன் மறைந்துபோகிறான்; பாடுகின்ற தாயே அந்த ‘நான்’ ஆகிறாள். எழுதிய ஒருவரின் சொற்கள் நம் வாயில் நம் சொற்களாகவே மாறும் இன்னோர் இடத்தை நாம் அனைவரும் அறிவோம். அது செபப் புத்தகம். இந்த ஒற்றுமையை மனத்தில் கொண்டே இப்பாடல்களை நாம் எடைபோட விரும்புகிறோம்.

இவற்றைச் செய்து விற்றவர்கள் பெரும்பாலும் நியூயார்க்கின் ‘டின் பான் ஆலி’ என்னும் பாட்டு வணிகத்தைச் சேர்ந்தவர்கள். மேற்கு 28ஆம் தெருவில், வரிசையாக அமைந்த அலுவலகங்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுந்த பியானோ ஓசை தகரச் சட்டிகளைத் தட்டுவதுபோல் இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். புதுப்பாட்டைக் கடைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் பாடிக்காட்டி விற்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தனர். சென்னைக் குஜிலிக் கடைத் தெருவில் பாடிப் பாடியே பாட்டுப் புத்தகம் விற்றவர்களைப் பற்றிப் படித்தோர்க்கு இக்காட்சி புதிதன்று.

1915ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஐரோப்பா பற்றியெரிய, அமெரிக்கா இன்னும் விலகி நின்ற வேளையில், லியோ ஃபைஸ்ட் என்னும் பதிப்பாளர் ஒரு பாட்டை வெளியிட்டார். ‘என் மகனைப் படைவீரனாக நான் வளர்க்கவில்லை’ என்பது அதன் தலைப்பு. சொற்கள் ஆல்ஃபிரட் பிரையனுடையவை. இசை அல் பியன்டடோசியுடையது. தன் பிள்ளையின் தோளில் துப்பாக்கியை வைத்து, இன்னொரு தாயின் பிள்ளையைக் கொல்லச் சொல்ல எவருக்கு உரிமை என்று ஒரு தாய் கேட்கிறாள். வழக்குகளைப் பேசித் தீர்க்கலாகாதா என்கிறாள். எல்லாத் தாய்மாரும் இப்படியே மறுத்தால் போரே இராது என்கிறாள். முதல் மூன்று மாதங்களிலேயே 6,50,000 படிகள் விற்றன எனக் கூறப்படுகிறது. தியடோர் ரூஸ்வெல்ட் போன்றோர் இப்பாட்டையும் இதைப் போற்றியவர்களையும் வெளிப்படையாகப் பழித்தனர். மகனைக் கோழையாக வளர்க்கவில்லை என்று பதில் பாட்டுகளும் உடனே புறப்பட்டன.

இப்பாட்டு மிகச் சிறந்த பாட்டு அன்று. சொற்கள் தட்டையானவை, உவமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் உண்மை இதில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதே அது. நாம் பார்த்த அமெரிக்கப் போர்ப்பாட்டுகளில் அந்த மற்றொரு தாயை நினைத்தவை மிக மிகக் குறைவு. கதை எதிலும் இல்லாத ஒருத்தி, ஒரே ஒரு வரியில் வந்து, நெஞ்சைத் தைத்துவிட்டுப் போகிறாள்.

1917 ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது. மே 18இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ‘ஒவ்வோர் இளைஞனும் படைவீரனாக வேண்டிய வேளை இது’ என்னும் தலைப்பில் ஒரு தாள் கடைகளில் தொங்கியது. இசை ஹாரி டியர்னி. சொற்கள்? அதே ஆல்ஃபிரட் பிரையன்.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நமக்குச் சினம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒருவரின் மனச்சான்று இவ்வளவு எளிதாகத் திரும்புமா? ஆனால் பிரையனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. அமைதிப் பாட்டை விற்ற அதே லியோ ஃபைஸ்ட், 1917இல் ஜார்ஜ் எம். கோஹனின் ‘ஓவர் தேர்’ பாட்டின் உரிமையை 25,000 டாலர் கொடுத்து வாங்கினார். போர் முடிவதற்குள் அது 20 இலட்சம் படிகளுக்குமேல் விற்றது. வாங்கிய மக்களும் பெரும்பாலும் அதே மக்கள்தாம். 1915இல் மறுப்பைப் பாடிய பியானோவின்மேலேயே 1917இல் ‘ஓவர் தேர்’ வைக்கப்பட்டிருக்கும். பிரையன் மக்களை ஏமாற்றினார் என்பதைவிட, மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தாளை நீட்டினார் என்பதே சரியாகும். அது அவரது தொழில். ஆனால் தாயின் வாயில் சொல்லை வைப்பது மற்றத் தொழில்களைப் போன்றதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

‘ஓவர் தேர்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எக்காள ஒலியின் மூன்று சுரங்களை வைத்துக் கட்டப்பட்ட மெட்டு; கேட்டவர் கால் தானே நடைபோடும். அது தன்னை முரசு என்று மறைக்காமல் சொல்லிக்கொள்கிறது. கண்ணீரைக் கடன் கேட்கவில்லை. செருமானிய மன்னரை எள்ளி நகையாடும் தாள்களும் ஏராளம். அவற்றை ஒருமுறை பார்த்தால் போதும், மறுமுறை பார்க்க ஒன்றும் இராது. நம்மை நிறுத்திவைத்தவை மென்மையான பாட்டுகளே. ‘அமெரிக்காவே, இதோ என் பிள்ளை’ (1917) என்னும் பாட்டில், இரண்டாண்டுகளுக்குமுன் மறுத்த தாயே மனம் மாறி வந்தவள்போல, ஒரு தாய் மகனை நாட்டின் கையில் ஒப்படைக்கிறாள். ‘போய் வருகிறேன் அம்மா’ (1917) என்பதில் மகன் அழாதே என்கிறான். பெருமை கொள் என்பதே எல்லாவற்றிலும் வரும் கட்டளை. அழுவதற்கு ஒரு சரணம் விடப்பட்டிருக்கும். பல்லவி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

தாளின் அளவும் போருக்குக் கீழ்ப்படிந்தது. 1918இல் காகிதச் சிக்கனத்துக்காகப் பதிப்பாளர்கள் தாளைச் சிறிதாக்கினர். அரசோடு ஒத்துழைக்கவே இப்பாட்டு வழக்கத்தைவிடச் சிறிய அளவில் வருகிறது என்ற அறிவிப்பை அட்டையிலேயே அச்சிட்டனர். இன்னும் சிறிதாக, கடிதத்துக்குள் மடித்துப் போர்முனைக்கு அனுப்பத்தக்க பதிப்புகளும் வந்தன. திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் நான்கு நிமிடம் பேசுவதற்கென அரசின் செய்திக் குழு அமர்த்திய தொண்டர்கள் 1918இல் பேச்சோடு கூட்டுப் பாட்டையும் நடத்தினர். வணிகமும் அரசும் ஒரே பல்லவியைப் பாடின.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய இரண்டு பாட்டுகளுக்கு வருவோம். இரண்டும் 1918இல் வந்தவை. இரண்டிலும் சாம் லூயிஸ், ஜோ யங் என்னும் இணையரே சொற்களை அமைத்தனர். இரண்டிலும் தந்தை போர்முனையில் இருக்கும் ஒரு குழந்தை செபிக்கிறது.

முதலாவது ‘அந்தி வேளையில் ஒரு குழந்தையின் செபம்’. எம். கே. ஜெரோம் இசையமைத்தார், ஹென்றி பர் பாடிய இசைத்தட்டும் பெரும்புகழ் பெற்றது. பாட்டில் பேசுபவர் குழந்தையும் அல்லர், தாயும் அல்லர். செபங்களைக் கேட்டுக்கொண்டே செல்லும் ஒருவர். முதிய தாய்மாரின் செபங்களைக் கேட்டேன், பிறர் செபங்களையும் கேட்டேன், என்னை அழவைத்தது இதுவே என்று அவர் வரிசைப்படுத்துகிறார். பிறகு மங்கிய ஒளியில் மாடியேறிச் செல்லும் குழந்தை, தந்தை தம்மைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு இறைவனிடம் சொல்லியனுப்புகிறது. தாய் அருகில் இருக்கிறாள். அவள் பெருமை கொள்கிறாள் என்றே சொல்லப்படுகிறது.

கேட்பவர் கண் கலங்குவார் என்பதில் ஐயமில்லை, நமக்கும் கலங்கியது. ஆனால் கலங்கியபின் ஒரு கசப்பு மிஞ்சியது. அதற்குக் காரணம் அந்த ‘கேட்டேன்’ என்னும் சொல்தான் என்பதைப் பிறகே உணர்ந்தோம். இங்கே செபம் இறைவனை நோக்கிப் போகவில்லை. வாசலில் ஒளிந்து நிற்பவரின் காதுக்கு வருகிறது. அவர் அதைச் சுவைத்து, மற்றச் செபங்களோடு ஒப்பிட்டு, முதற்பரிசு தருகிறார். பிறர் காண வேண்டுமென்று தெருக்கோடியில் நின்று செபிப்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். ஒளிவிடத்தில் செபிப்பதற்காக மாடியேறிய குழந்தையைத் தெருக்கோடிக்குக் கொண்டுவந்து நிறுத்தும் இச்செயலை என்னவென்று சொல்வது?

இரண்டாவது ‘ஹலோ சென்ட்ரல், எனக்கு நோ மேன்ஸ் லேண்டைக் கொடு’. இசை ஜீன் ஷ்வார்ட்ஸ். மேடையில் பாடிப் புகழ்பெறச் செய்தவர் அல் ஜால்சன். மேற்பார்வைக்கு இது முந்தியதைவிட மலிவான பாட்டு. நள்ளிரவில் ஒரு குழந்தை படியிறங்கி வந்து, தொலைபேசி நிலையத்துப் பெண்ணிடம், இரு படைகளின் பதுங்கு குழிகளுக்கு இடைப்பட்ட அந்தப் பாழ்நிலத்துக்கு இணைப்புக் கேட்கிறது. தந்தை அங்கிருப்பதாகத் தாய் சொல்லியிருக்கிறாள். கருத்து வேடிக்கையானது, மேடைக்கெனவே செய்தது. ஆனால் நடுவில் ஒன்று நிகழ்கிறது. அம்மா உறங்குகிறாள், மணியடித்து எழுப்பிவிடாதே என்று குழந்தை கேட்டுக்கொள்கிறது. நான் இரவுச் செபம் சொல்லத் தொடங்கியதும் அம்மா ஏன் அழுகிறாள் என்று தந்தையிடம் கேட்கவே அது அழைக்கிறது. பெருமை கொள்ளும் தாய் இங்கே இல்லை. செபத்தைக் கேட்கவும் தாங்காத தாய் இருக்கிறாள். பாட்டின் இறுதியில் விடிகிறது. குழந்தை உறக்கத்திலும் அதே இணைப்பைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பதைத் தாய் காண்கிறாள். எதிர்முனையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அதே இருவர், அதே ஆண்டு, அதே வணிகம். ஒன்றில் செபம் அலங்காரம். மற்றதில், எழுதியவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, செபத்தின் மெய்யான துன்பம் உள்ளே நுழைந்துவிட்டது. பதில் வராமல் மன்றாடுவது என்னவென்று அறிந்த எவரும் இந்த இரண்டாம் பாட்டைக் கண்டு நகைக்க மாட்டார். மலிவான பாட்டுகள் அனைத்தும் பொய் என்று ஒதுக்க முடியாதபடி நம்மைத் தடுத்தது இதுவே.

ஆல்ஃபிரட் பிரையனின் இன்னொரு பாட்டையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். 1917இல் வில்லி வெஸ்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஜோன் ஆஃப் ஆர்க், உன்னை அழைக்கிறார்கள்’ என்னும் அப்பாட்டுக்கு ஜாக் வெல்ஸ் இசையமைத்தார். ஜோன் அப்போது முத்திப்பேறு பெற்றவர். 1909இல் அப்பட்டம் வழங்கப்பட்டது. புனிதர் பட்டம் 1920இல்தான். பிரான்சின் மைந்தர் வானத்தை நோக்கி அவரை மீண்டும் படை நடத்த வருமாறு அழைப்பதாகப் பாட்டு. ஜோனின் வரலாற்றில் அழைத்தது யார்? வானகக் குரல்கள் அவரை அழைத்தன, அவர் செவிமடுத்தார். பாட்டில் திசை மாறிவிட்டது. மனிதர் அழைக்கிறார்கள், புனிதை வரவேண்டும். 1429இல் ஆங்கிலேயர்க்கு ஜோன் எழுதுவித்த மடல், போர் தொடங்குமுன் உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று கேட்டுக்கொண்ட மடல். அந்த ஜோனுக்கு இப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அட்டையில் ஒரு படம் உண்டு.

அதே 1917ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், தேவமாதா பிரார்த்தனையில் ‘சமாதானத்தின் இராக்கினியே’ என்னும் மன்றாட்டு நிலையாகச் சேர்க்கப்பட வேண்டுமென்று திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் பணித்தார். நம் வீடுகளில் செபமாலையின் முடிவில் நாம் பழக்கத்தால் விரைந்து கடந்துபோகும் அச்சொற்கள் அந்தப் போரின் நடுவில் பிறந்தவை. ஆகஸ்டு 1ஆம் நாளிட்டுப் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு அவர் அனுப்பிய சமாதான மடலில் அப்போரைப் பயனற்ற படுகொலை என்று குறித்தார். ஆகஸ்டு 27இல் அமெரிக்க அரசு மறுமொழி அனுப்பியது, அது மறுப்பே. அமெரிக்க ஆயர்களும் அரசின் பக்கமே நின்றனர். போர்க்காலப் பணிகளுக்கெனத் தேசிய கத்தோலிக்கப் போர் மன்றம் அதே ஆகஸ்டில் உருவானது. கோஹனும் ஐரிஷ் மரபில் வந்த கத்தோலிக்கரே. 1942இல் அவர் மறைந்தபோது இறுதித் திருப்பலி நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடைபெற்றது. ஆகவே இதைப் பிறர் குற்றமாகச் சொல்லிவிட்டு நாம் விலகிவிட முடியாது. செபமாலையும் ‘ஓவர் தேரும்’ ஒரே மாலையில் ஒரே அறையில் ஒலித்த வீடுகள் இருந்திருக்கும்.

துன்பத் தாயின் உருவமும் இவ்வணிகத்துக்குத் தப்பவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஃபோரிஞ்சர் வரைந்த ‘உலகின் மிகப் பெரிய தாய்’ என்னும் சுவரொட்டியில், பேருருவாய் அமர்ந்த தாதி, படுக்கையோடு சிறு உருவாய்க் கிடக்கும் வீரனை மடியில் ஏந்தியிருக்கிறாள். மைக்கேல் ஆஞ்சலோவின் பியத்தா சிற்பத்தைப் பார்த்தவர்க்கு மூலம் எது எனச் சொல்ல வேண்டியதில்லை. ‘நோ மேன்ஸ் லேண்டின் ரோஜா’ (1918) என்னும் தாதியைப் பற்றிய பாட்டு இதன் உடன்பிறப்பு. பியத்தாவில் மகன் இறந்துவிட்டான். அதை மறைக்க ஒரு துணியும் இல்லை. சுவரொட்டியில் வீரன் பிழைத்துவிடுவான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஒரு பங்கின் வாசகர் வட்டத்தில் இவற்றைப் பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. துயரத்தை விலைக்கு விற்றார்கள் என்று சற்றுக் கடுமையாகவே பேசினோம். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய் எழுந்தார். அவர் மகன் இராணுவத்தில் இருக்கிறான், எல்லையில் பணி. “ஐயா, நீங்க பொய்ங்கிறீங்க, இருக்கட்டும். ஆனா பாடி முடிச்ச அந்தப் பொம்பளைங்களுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும் இல்லையா?” என்றார். நமக்கு உடனே விடை கிடைக்கவில்லை. அன்று சொன்ன மழுப்பலான மறுமொழியை இங்கே எழுத விரும்பவில்லை.

அவர் கேட்டதற்குப் பின்தான் ‘வீட்டு அடுப்பை அணையாமல் காத்திருங்கள்’ என்னும் ஆங்கிலேயப் பாட்டை நாம் மறுபடி எடுத்துப் பார்த்தோம். 1914இல் ஐவர் நொவெல்லோ இசையமைத்தது. சொற்கள் இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி லீனா கில்பர்ட் ஃபோர்டு எழுதியவை. முன்பு நாம் இதை மற்றவற்றோடு சேர்த்தே தள்ளியிருந்தோம். இப்போது வேறுபாடு தெரிந்தது. பெருமை கொள் என்பதைவிட, இது வேலை ஒன்றைத் தருகிறது. கணப்பில் விறகு இடு. மகன் திரும்புவான் என்று அவன் இடத்தை வைத்திரு. காத்திருப்பவர்க்கு மிகவும் தேவையானது கைக்கு ஒரு வேலை என்பதை இப்பெண் அறிந்திருக்கிறார். துயரை வெளிக்காட்டாதே என்று இதுவும் சொல்கிறதுதான். அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் உறக்கம் தரக்கூடிய பாட்டு இதுவே. 1918 மார்ச்சில் செருமானிய வானூர்தி இலண்டனின் மெய்டா வேல் பகுதியில் குண்டு வீசியபோது, லீனா ஃபோர்டும் அவர் மகனும் தம் வீட்டிலேயே மாண்டனர்.

‘தொல்லைகளை மூட்டையில் கட்டு’ என்று 1915இல் சிரிக்கச் சொன்ன பாட்டின் கதையும் துயரமானது. ஜார்ஜ் பவல் சொற்களை எழுத, இசையமைத்தவர் அவர் உடன்பிறந்தார் ஃபெலிக்ஸ் பவல். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், ஊர்க்காவல் படைச் சீருடையில் ஃபெலிக்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பாட்டுக்கும் அம்முடிவுக்கும் முடிச்சுப் போட நமக்கு உரிமை இல்லை.

நாம் பார்த்த 1917, 1918ஆம் ஆண்டுத் தாள்களில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. மகன் அரிதாகவே சாகிறான். செத்தாலும் அவனுக்குப் பெயர் இல்லை. அமெரிக்கர் அப்போரில் இழந்தவர் ஏறத்தாழ 1,16,000 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டுபட்டுச் சாகவில்லை; பெரும்பாலும் காய்ச்சலாலும் நோயாலும் மாண்டனர். பாளையத்துப் படுக்கையில் சளிக்காய்ச்சலில் இறந்த மகனுக்குப் பாட்டுக் கட்டினால் எந்த அட்டையில் எந்தப் படத்தைப் போடுவது?

அரை நூற்றாண்டுக்கு முந்திய அமெரிக்க உள்நாட்டுப் போரின் பாட்டுகள் இவ்வகையில் நேர்மையானவை. 1861 அக்டோபரில் பால்ஸ் பிளஃப் சண்டையில் ஜான் வில்லியம் கிரவுட் என்னும் 18 வயது இளைஞர் மாண்டார். மாசசூசெட்ஸில் அவர் வீட்டார் நன்றியறிதல் திருநாளன்று உணவு மேசையில் அவர் நாற்காலியைக் காலியாக விட்டு அமர்ந்தனர். அதை ஹென்றி வாஷ்பர்ன் கவிதையாக்க, ஜார்ஜ் ரூட் இசையமைத்தார். ‘காலி நாற்காலி’ என்னும் அப்பாட்டில் இறந்தவனின் செல்லப் பெயர் இருக்கிறது. வடக்கர் எழுதியதாயினும் தெற்கிலும் பாடினர். எதிரியின் வீட்டிலும் அதே நாற்காலி காலியாக இருந்தது. 1915இல் பிரையனின் ஒரு வரியில் எட்டிப் பார்த்த அந்த மற்றொரு தாய், இங்கே பாட்டையே எடுத்துப் பாடுகிறாள்.

போர்முனையை நேரில் கண்டு எழுதியவர்களும் சிலர் உண்டு. கறுப்பினத்தவரின் 369ஆம் படைப்பிரிவின் இசைக்குழுத் தலைவரான லெஃப்டினன்ட் ஜேம்ஸ் ரீஸ் யூரோப், 1918இல் பிரான்சில் நச்சுப் புகைக்கு ஆளாகி மருத்துவமனையில் கிடந்தபோது ‘நோ மேன்ஸ் லேண்டில் காவல்’ என்னும் பாட்டை அமைத்தார். அதில் தாய் இல்லை, செபம் இல்லை, கொடியும் இல்லை. தலையைத் தாழ்த்து, ஊர்ந்து போ, குண்டு வருகிறது என்னும் எச்சரிக்கைகளே உண்டு. 1919 இசைத்தட்டில் குண்டுச் சத்தத்தை முரசுகள் எழுப்புகின்றன. உயிரோடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு கருத்து அதற்கு இல்லை. அட்டைப்படத் தாய்மாரை இத்தனை நாள் பார்த்த நமக்கு, அது முகத்தில் தெளித்த குளிர்ந்த நீர்போல இருந்தது.

போருக்குச் சென்ற மகனுக்காக வீட்டுச் சன்னலில் நீல விண்மீன் பொறித்த கொடியைத் தொங்கவிடும் வழக்கம் 1917இல் தோன்றியது. மகன் மாண்டால் அது பொன்னிற விண்மீனாகும். அந்த நிறமாற்றத்தையும் விடாமல் 1918இல் பாட்டாக்கி விற்றனர். பின்னர் 1930 முதல் 1933 வரை அமெரிக்க அரசு, ஐரோப்பிய மண்ணில் புதைக்கப்பட்ட வீரர்களின் தாய்மாரையும் கைம்பெண்களையும், 6,000க்கும் மேற்பட்டோரை, கல்லறைகளைக் காணக் கப்பலில் அழைத்துச் சென்றது. கறுப்பினத் தாய்மாரைத் தனிக் கப்பல்களில் அனுப்பினர். அதனால் அவர்களுள் பலர் போகவே மறுத்தனர். நம் பாடல் தாள்களின் அட்டைகளில் கறுப்பினத் தாயைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் கேலிச் சித்திரமே.

வாசகர் வட்டத்துக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் மறுபடி நம்மிடம் வந்தார். தொலைபேசிப் பாட்டில், எதிர்முனையில் இருந்த பெண் கடைசியிலாவது ஏதேனும் பதில் சொல்கிறாளா என்று கேட்டார். இல்லையம்மா, விடியும்வரை பதில் வருவதில்லை என்றோம். “எம் மவன் ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவான்” என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என விரைந்து போனார்.